மேற்கே விழுந்த லாரி!

1

செத்தவர்கள் கதவைத் திறப்பதில்லை.

இது தெரியாமல் ஆதாரம் மூன்று தடவை அழைப்பு மணியை அடித்துவிட்டார்.

தலைக்கு மேலே ஒரு விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு தாழ்வாக இறங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று நடுங்கி ஓய்ந்தன.

"சார்... நான்தான்! திருத்தம் கொண்டு வந்திருக்கேன்!"

பதில் இல்லை.

கதவைத் தள்ளினார். திறந்துகொண்டது!

காலை வெயில் கூடம் முழுக்கப் பரவிக் கிடந்தது. சாய்வு நாற்காலியில் இன்ஜினியர். ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியும் சட்டைப் பையில் பேனா குத்திக்கொள்கிற மனிதர். பேனா இருந்தது. உயிர் இல்லை.

வாய் பாதி திறந்திருந்தது. ஒரு செருப்பு காலில். இன்னொன்று டீவிக்கு அடியில். தரையில் ஒரு தலையணை...

ஆதாரம் அவருடைய மணிக்கட்டைத் தொட்டார்.

சில்லிட்டிருந்தது!

கையிலிருந்த காகிதம் நழுவி விழுந்தது. ஒரு கொலையைக் கண்டுபிடித்தவன் அலற வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அலறாமல் மச்சானின் நம்பரைத் தேடினார்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. தொழிலால் இன்ஸ்பெக்டர்.

"என்ன அத்தான், காலங்காத்தால? அக்காவோட மறுபடியும் சண்டையா?"

"மச்சான்... இங்க ஒருத்தர் செத்துக் கிடக்கார்."

"யாரு?"

"என்னோட முதல் ஆதாரம்."

2

ஆதாரம் என்பது பெயர் இல்லை, பட்டம்.

புல்தரையில் காற்றுத் திசை காட்டும் ஒரு துணிக் கூம்பை நட்டு ஆரம்பித்த அந்த விமான நிலையம், இன்று மூன்று ஓடுதளங்களும் கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு டெர்மினலுமாக வளர்ந்து நிற்கிறது. அது வளர்ந்த கதையை நிர்வாகத்துக்காகத் தொகுத்து எழுதும் வேலை அவருக்கு. எந்தச் சம்பவமானாலும் ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் சொன்னால்தான் புத்தகத்தில் ஏறும். மந்திரி திறந்து வைத்த கல்வெட்டு ஒரு தேதி சொல்லும், மறுநாள் பேப்பர் இன்னொரு தேதி சொல்லும். இரண்டையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதாக ஒன்றைத் தேடிப் போவார். வீட்டில் குழம்புக்கு உப்பு போட்டாச்சு என்று மனைவி சொன்னாலும் தானே ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். அதற்காகத் திட்டும் வாங்குவார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். போட்டோ எடுத்தார்கள். பவுடர் தூவினார்கள். தலையணையில் ஒரு ரேகைகூடக் கிடைக்கவில்லை.

"மூச்சை அமுக்கிக் கொன்னிருக்காங்க. நேத்து ராத்திரி நடந்திருக்கும்." இன்ஸ்பெக்டர் செத்தவரின் போனைப் புரட்டினார். "கடைசியா பேசினது உங்ககிட்டதான் அத்தான். என்ன பேசினார்?"

"திட்டினார்."

"எதுக்கு?"

"அவர் சொன்னதை டைப் பண்ணி, நேத்து சாயங்காலம் ஒரு பிரதி குடுத்துட்டுப் போனேன். படிச்சுப் பார்த்துட்டுக் கூப்பிட்டார். 'யோவ், ஒரு பக்கத்துல ரெண்டு தப்பாய்யா? மேற்கு இல்ல, கிழக்கு! தண்ணி லாரி இல்ல, ரோடு ரோலர்! என்னத்தைய்யா படிச்சே?'ன்னார்."

"ஏன் அத்தான் அப்படி எழுதினீங்க?"

ஆதாரம் நெளிந்தார்.

"ஓடுதள வரைபடத்தைத் தலைகீழாப் பிடிச்சுட்டேன்."

"சரிதான்! லாரி?"

"அது முந்தின பக்கத்துல வேற ஒரு விபத்துல வர்ற லாரி. அசதியில இங்கயும் கொண்டுவந்து தள்ளிட்டேன். திருத்தின பக்கத்தைக் காட்டத்தான் இப்ப வந்தேன். அதுக்குள்ள..."

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"அப்படி என்னதான் சொன்னார் இந்தாளு?"

ஆதாரம் நாற்காலியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி ரெண்டாவது ஓடுதளம் போட்டாங்க. கிழக்கு முனையில வடிகாலுக்கு ஆழமா ஒரு குழி. ஓரத்துல ரோடு ரோலர் நின்னுது. மண்ணு சரிஞ்சு, ரோலரோட உள்ள போயிடுச்சு. அடியில ஆறு பேர் வேலை பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

"அய்யோ..."

"வெளிய எடுக்கல மச்சான். அப்படியே மண்ணைக் கொட்டி, மேல கான்கிரீட்டும் போட்டுட்டாங்க. வேலையை விட்டுட்டு ஓடிட்டாங்கன்னு வீட்டுக்குத் தகவல் போச்சு. உயிர்ச்சேதம் இல்லைன்னு பேப்பர்ல வந்துச்சு. கான்ட்ராக்டர் செத்து ரொம்ப நாளாச்சு. பார்த்த ஆளுங்கள்ல உயிரோட மிச்சம் இருந்தது இவர் ஒருத்தர்தான்."

ஒரு விமானம் கூரையை உரசுகிற மாதிரி போனது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து கனைத்தார்.

"சார்... சொல்லக் கூடாதுதான். நேத்து ராத்திரி மகன் வந்து கத்திட்டுப் போனான். 'வாயை மூடு, இல்லேன்னா நானே மூடிடுவேன்'னு. தெருவே கேட்டுச்சு."

இன்ஸ்பெக்டர் தரையில் கிடந்த தலையணையைப் பார்த்தார்.

கேஸ் முடிந்துவிட்ட மாதிரி பெருமூச்சு விட்டார்!

3

மகன் விமான நிலையத்தில் பஸ் ஓட்டுகிறவன். டெர்மினலுக்கும் விமானத்துக்கும் இடையே பயணிகளை ஏற்றி இறக்குகிற வேலை. சீருடையோடு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான்.

"கத்தினியா?"

"கத்தினேன் சார்."

"வாயை மூடிடுவேன்னு சொன்னியா?"

"சொன்னேன். அதே ஏர்போர்ட்லதான் சார் நான் சோறு தின்கிறேன். இவர் பாட்டுக்கு அடியில பொணம் இருக்குன்னு புத்தகத்துல எழுத வச்சா, மறுநாள் என்னை உள்ள விடுவானா? அந்தக் கோபம். கத்திட்டு டியூட்டிக்குப் போயிட்டேன். சத்தியமாத் தொடல சார்... எங்கப்பா சார் அவரு!"

"நீ போனப்ப உயிரோட இருந்தார்ங்கறதுக்கு யார் சாட்சி?"

அவன் அழுதான். சாட்சி இல்லாதவர்கள் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

வெளி பெஞ்சில் அவன் மனைவி. ஆதாரத்தைக் கண்டதும் எழுந்தாள்.

"நீங்கதானே புத்தகம் எழுதறவர்?"

"ஆமாம்மா."

"மாமா இத்தனை வருஷமா வாயைத் திறக்காம இருந்தார். நீங்க டேப்பை எடுத்துக்கிட்டு வந்தீங்க. பேசினார். சரி, பேசினதை அப்படியே போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

"ஒருத்தர் சொன்னா போதாதும்மா. இன்னொருத்தரும்..."

"தேடினீங்க இல்ல?"

"தேடினேன்."

"கிடைச்சுதா?"

ஆதாரம் இல்லையென்று தலையாட்டினார்.

"இருந்த ஒண்ணும் போச்சு." அவள் குரல் உயரவே இல்லை. "நாளைக்கு என் புருஷனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம். அப்பனைக் கொன்னவன்னு அவன் தலையில எழுதிட்டா, அதை எந்தப் பேனாவால சார் அழிப்பீங்க?"

ஆதாரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு கண்ணாடியில் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது.

விமான நிலைய டைரக்டர்!

"என்னங்க, அந்த இன்ஜினியர் தவறிட்டாராமே? பாவம். நல்ல மனுஷன். அப்புறம்... ரெண்டாவது ஓடுதளம் அத்தியாயத்துல நீங்க போன்ல சொன்ன அந்த ஒரு பக்கம் இருக்கே..."

"இருக்கு சார்."

"சொன்னவரும் இல்ல. வேற ஆதாரமும் இல்ல. உங்க விதிப்படியே அதை எடுத்துடலாம் இல்லையா?"

ஆதாரத்தின் விதியே அவர் மேல் திரும்பிவிட்டது.

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

போனை வைத்தார்.

உடனே அது மறுபடியும் அடித்தது!

4

"தம்பி... செய்தி கேள்விப்பட்டேன். மனசே சரியில்ல. வாங்க, ஒரு வாய் டீ குடிக்கலாம்."

நிருபர். ஓய்வு பெற்ற மூத்த நிருபர்.

விமான நிலையத்தைப் பற்றி நாற்பது வருஷம் எழுதியவர். முதல் விமானம் இறங்கியது, முதல் வேலைநிறுத்தம், முதல் கடத்தல் என்று எல்லாம் அவர் கையெழுத்தில்தான் உலகத்துக்குத் தெரியும். ஆதாரத்தின் புத்தகத்தில் பாதிக்கு மேல் அடிக்குறிப்புகள் அவருடைய செய்திகள்தான்.

வீட்டுச் சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டம் போட்ட முதல் பக்கங்கள். நடுவில் விருதுகள். நிருபர் தானே டீ கொண்டுவந்து வைத்தார்.

"முந்தாநாள் நீங்க வந்து கேட்டீங்களே... ஓடுதள வேலையில யாராவது செத்தாங்களான்னு."

"ஞாபகம் இல்லைன்னு சொன்னீங்க சார்."

"நீங்க போனப்புறம் ஒண்ணொண்ணா வந்துச்சு தம்பி. வயசாச்சு இல்ல? மூளையும் பழைய ஃபேன் மாதிரி. சுவிட்சைப் போட்டா உடனே சுத்த மாட்டேங்குது." சிரித்தார். "எழுதிக்கோங்க. உங்களோட ரெண்டாவது சாட்சி நான்தான்."

ஆதாரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனா தானாகவே கைக்கு வந்தது.

"அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். மேற்கு முனை. பெரிய குழி. ஓரத்துல ஒரு தண்ணி லாரி நின்னுது. என் கண்ணெதிர்ல மண்ணு பொலபொலன்னு சரிஞ்சு, லாரியோட உள்ள போச்சு. ஆனா..."

"ஆனா?"

"குழியில ஒரு ஈ, காக்கா இல்ல தம்பி. சாப்பாட்டு நேரம். எல்லாரும் மரத்தடியில. உயிர்ச்சேதம் இல்லைன்னு நான் எழுதினது நூத்துக்கு நூறு உண்மை. பாவம், அந்த இன்ஜினியர் எதையோ நினைச்சுக் குழம்பியிருக்கார். அவர் பேரைக் கெடுக்காம, அந்தப் பக்கத்தை நாசூக்கா எடுத்துடுங்க."

"ரொம்ப நன்றி சார்."

மனம் கனத்துப் போயிற்று. அப்படியானால் குழியில் யாருமே சாகவில்லை. கிழவரின் குழப்பத்துக்காகவா இத்தனையும்? ஒரு உயிர்... ஒரு மகன்...

டீயைக் குடித்தார். விடைபெற்றார். படியிறங்கி வாசலில் செருப்பை மாட்டினார்.

ஒரு காலில் மாட்டிவிட்டார்.

இன்னொரு கால் அந்தரத்தில் நின்றுவிட்டது!

மேற்கு முனை.

தண்ணி லாரி!



"என்ன தம்பி?" மேலே பால்கனியிலிருந்து நிருபரின் குரல். "எதையாவது மறந்துட்டீங்களா?"

ஆதாரம் அண்ணாந்து பார்த்துச் சிரிக்க முயன்றார். வாய் மட்டும் சிரித்தது.

"இல்ல சார்... இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

5

"பத்தாவது பரீட்சையில நீ எப்படி மாட்டினே மச்சான்?"

"அத்தான்! ஏட்டு இருக்கார்... மெதுவா!"

"சொல்லு."

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பக்கத்துல உக்காந்தவனைப் பார்த்துக் காப்பியடிச்சேன். அக்கா சொல்லிட்டாளா?"

"அவன் எழுதின சரியான விடையையும்தானே அடிச்சே? அதுல ஏன் மாட்டல?"

"சரியான விடைன்னா படிச்சவன் எவன் வேணா எழுதலாமே. அந்த நாய், தவளையோட இதயத்துக்கு ஏழு அறைன்னு எழுதி வச்சிருந்தான். நானும் எழுதிட்டேன்."

"ஏழா?"

"பெரிய குடும்பம்னு நினைச்சுட்டேன். விடுங்க அத்தான்! விஷயத்துக்கு வாங்க."

ஆதாரம் மேஜை மேல் குனிந்தார்.

"உண்மை எல்லாருக்கும் பொது மச்சான். கண்ணு இருக்கிற எவனும் சொல்லலாம். தப்பு அப்படி இல்ல. அதுக்குப் பிறந்த வீடு ஒண்ணுதான். மேற்கு முனை, தண்ணி லாரி... இந்த ரெண்டும் உலகத்துல எங்கயும் நடக்கல. நான் வரைபடத்தைத் தலைகீழாப் பிடிச்சதால, என் மண்டையில நடந்துச்சு. அங்கிருந்து ஒரே ஒரு காகிதத்துக்கு வந்துச்சு. அந்தக் காகிதம் நேத்து சாயங்காலம் இன்ஜினியர் வீட்ல இருந்துச்சு."

"கம்ப்யூட்டர்ல?"

"அவர் திட்டின அடுத்த நிமிஷமே திருத்திட்டேன். வேற எவனும் பார்க்கல. இந்தாளு கண்ணால பார்த்தேன்னு சொல்றார். என்னோட தப்பை எப்படி மச்சான் கண்ணால பார்ப்பார்?"

இன்ஸ்பெக்டர் பரபரவென்று ஃபைலைப் புரட்டினார். சம்பவ இடத்துப் படங்கள். மேஜை. டம்ளர். மாத்திரை டப்பா. பேப்பர் கட்டு.

"நீங்க குடுத்த பிரதி எதுலயுமே இல்ல அத்தான்..."

"எடுத்துட்டுப் போயிருக்கார். போய் நல்லாப் படிச்சிருக்கார். இவ்வளவு அக்கறையா என் எழுத்தை இதுவரைக்கும் யாருமே படிச்சதில்ல."

"ஆனா இன்ஜினியர்தான் உங்ககிட்ட பேசினார்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஆதாரத்தின் முகம் சுருங்கியது.

"நான் பேர் சொல்லல. யாராவது செத்தாங்களான்னுதான் கேட்டேன். பார்த்தவங்கள்ல உயிரோட இருந்தது ஒரே ஆளு. நான் கேள்வி கேட்டதே விலாசம் குடுத்த மாதிரி ஆயிடுச்சு மச்சான்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார். யோசித்தார். திரும்ப வைத்தார்.

"வேண்டாம். சாதா சட்டையில வர்றேன். உங்க மச்சானா மட்டும்."

6

நிருபர் உற்சாகமாக வரவேற்றார்.

"ஓ, மனைவியோட தம்பியா? வாங்க வாங்க! என்ன பண்றீங்க?"

"கவர்மெண்ட் வேலை சார். காப்பியடிக்கறவங்களைப் பிடிக்கிற டிபார்ட்மெண்ட்."

"பரீட்சை போர்டா? நல்லது."

ஆதாரம் ஒரு தாளை நீட்டினார். "நீங்க சொன்னதை எழுதிட்டேன். ஒரு தடவை வாயாலயும் சொல்லிட்டீங்கன்னா டேப் பண்ணிக்குவேன். எந்த முனை சார்?"

"மேற்கு."

"விழுந்தது?"

"தண்ணி லாரி. என் கண்ணால பார்த்தது."

கையெழுத்தும் போட்டார்! அழகான கையெழுத்து.

ஆதாரம் டேப்பை நிறுத்தவில்லை.

"சார்... அது கிழக்கு முனை."

"என்ன?"

"விழுந்தது ரோடு ரோலர். மேற்கும் லாரியும் நான் பண்ணின தப்பு. இன்ஜினியர் வீட்ல இருந்த காகிதத்துல மட்டும்தான் அது இருந்துச்சு. நேத்து ராத்திரி வரைக்கும்."

நிருபரின் கையில் பேனா நின்றது.

"அவரே எனக்குப் போன்ல சொன்னார் தம்பி. அதான் குழப்பம்."

"அவர் சொல்லியிருந்தா கிழக்குன்னு சொல்லியிருப்பார் சார். அதுக்காகத்தானே என்னைத் திட்டினார்?"

"தவிர, அவர் போன்ல உங்க நம்பரே இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர். அடையாள அட்டையை டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

நிருபர் அட்டையைப் பார்த்தார். ஆதாரத்தைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். நாற்பது வருஷம் மந்திரிகளுக்கே தண்ணி காட்டிய சிரிப்பு அது.

"சபாஷ் தம்பி! ஆனா ஜட்ஜ் ஒரு கேள்வி கேப்பாரே. ஏன் கொன்னேன்? என் பழைய செய்தி ஒண்ணு தப்புன்னு தெரிஞ்சா எனக்கென்ன நஷ்டம்? ஒரு மூலையில நாலு வரி வருத்தம் போட்டா முடிஞ்சுது. ஆறு பேரைப் புதைச்சது கான்ட்ராக்டர். நானா? ஒரு செய்திக்காக எவனாவது ஆளைக் கொல்லுவானா?"

இன்ஸ்பெக்டர் அட்டையை எடுத்துப் பையில் வைத்தார்.

"ஸ்டேஷன்ல வந்து பேசலாம் சார்."

"தாராளமா. நாளைக்குச் சாயங்காலம் என் வக்கீல் கூட்டிட்டு வந்துடுவார். அந்தப் பையன்தான் பாவம். உள்ளேயே இருக்கணும்."

நியாயமான கேள்வி. அதுதான் ஆதாரத்தை வதைத்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்பில் பல்லைக் கடித்தார்.

"அத்தான், தவளைக்கு ஏழு அறைன்னு சொன்னா ஃபெயில்தான் பண்ணலாம். தூக்குல போட முடியாது. காரணம் வேணும்."

"தோண்டு மச்சான்."

"என்னது?"

"கிழக்கு முனையைத் தோண்டு. மேற்குன்னு படிச்சதும், தப்புன்னு தெரிஞ்சும் அதையே பிடிச்சுக்கிட்டார். அன்னிக்குச் செய்தி எழுதப் போன ஆளு, அவருக்கு எங்கன்னு நல்லாத் தெரியும். கிழக்கே எவனும் போகக் கூடாதுன்னு ஏன் இவ்வளவு ஆசை?"

7

டைரக்டர் போனில் கொதித்தார். ஒரு ஓடுதளத்தை மூடினால் எத்தனை விமானம் தாமதமாகும் தெரியுமா என்றார். கோர்ட் உத்தரவு கைக்கு வந்ததும் பாஷை மாறி, குடிக்கத் தண்ணீர் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

நாலு நாள் கழித்து, மதியம். கான்கிரீட் தோசைக்கல் மாதிரி காய்ந்தது. இயந்திரம் பெயர்த்துக்கொண்டே போனது. கம்பி வேலிக்கு வெளியே இன்ஜினியரின் மருமகள் நின்றிருந்தாள். வேலிக்கு உள்ளே ஜீப்பில், விசாரணைக்காக வரவழைத்திருந்த நிருபர். காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கணங்...!

இரும்பு!

மண்ணைத் துடைத்தார்கள். துருப்பிடித்த பெரிய உருளை. ரோடு ரோலர்!

ஆதாரம் கண்களை மூடிக்கொண்டார். 'மன்னிச்சுக்குங்க சார். நீங்க சொன்னது சரி. கிழக்குதான்.'

அதற்குப் பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையால் தோண்டினார்கள். ஒரு ஹெல்மெட். எலும்புகள். இன்னொரு ஹெல்மெட். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பிடித்தபடி. ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள்.

"ஆறு," என்றார் இன்ஸ்பெக்டர் கடைசியில். "முப்பது வருஷமா இவங்க தலை மேல விமானம் இறங்கிக்கிட்டு இருந்திருக்கு அத்தான்."

ஜீப்பிலிருந்து நிருபர் குரல் கொடுத்தார்.

"நான்தான் சொன்னேனே இன்ஸ்பெக்டர், கான்ட்ராக்டர் வேலைன்னு. என் செய்தி தப்பு. வருத்தம் தெரிவிக்கறேன். போகலாமா?"

போகலாம்தான்! ஆறு பேர் கிடைத்தது இன்ஜினியர் பொய் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி. நிருபர் கொன்றார் என்பதற்கு இல்லை. வேலிக்கு அப்பால் மருமகள் நெற்றியைக் கம்பியில் சாய்த்தாள்.

"சார்...!"

குழிக்குள்ளிருந்து அலறல்!

"சார்... இன்னும் ஒண்ணு இருக்கு சார்!"

எல்லாரும் ஓடினார்கள்.

மற்ற ஆறு பேருக்கும் மேலே, சற்றுத் தள்ளி, ஏழாவது ஆள். ஹெல்மெட் இல்லை. மண்டையின் பின்பக்கம் நொறுங்கியிருந்தது. கழுத்தெலும்பில் ஒரு தோல் வார். வாரின் முனையில்...

கேமரா!

இன்ஸ்பெக்டர் திரும்பி ஜீப்பைப் பார்த்தார்.

நிருபர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"யார் அது?" இன்ஸ்பெக்டர் ஜீப்பின் கதவைத் திறந்தார்.

நிருபர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்...

"என்கூட வந்த போட்டோகிராபர். ஆறு பேரையும் படம் எடுத்துட்டான். எடுக்கலேன்னா உயிரோட இருந்திருப்பான். ஃபிலிமைக் குடுடான்னு கெஞ்சினேன். செய்தி வராதுன்னு கான்ட்ராக்டருக்கு வாக்குக் குடுத்துட்டேன்டான்னு காலைப் பிடிக்காத குறையாச் சொன்னேன். 'செத்தவங்களுக்கு யார் வாக்குக் குடுத்தா?'ன்னு கேட்டுட்டுத் திரும்பி நடந்தான். கம்பி ஒண்ணு கிடந்துச்சு..."

"இன்ஜினியருக்கு இது தெரியுமா?"

"தெரியாது. அவருக்கு ஆறுதான் தெரியும். ஆறைத் தேடித் தோண்டினா ஏழு வருமே!" முகத்தைப் பொத்திக்கொண்டார். "தலையணையை வைக்கும்போதுகூட 'எதுக்கு?'ன்னுதான் அவர் கண்ணு கேட்டுச்சு..."

விலங்கு மாட்டும் சத்தம் கேட்டது.

ஆதாரம் வேலியை நோக்கி நடந்தார். அந்தத் தூரம் முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். பக்கத்தில் போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

"உன் புருஷன் வந்துடுவார்மா. சாயங்காலத்துக்குள்ள."

அவள் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா சொன்னது...?"

"எல்லாம் சரி. ஒரு வார்த்தை மாத்தாம போடறேன்."

"அந்த ஆறு பேர் பேரையும் போடுவீங்களா சார்?"

"பேர் கிடைக்கிற வரைக்கும் புத்தகம் வராது. டைரக்டர் குதிச்சாலும் சரி."

திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டர் கேமராவை ஒரு பையில் போட்டு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆளு காணாம போனதை முப்பது வருஷமா எவனும் தேடலையா அத்தான்?"

ஆதாரம் நெற்றியைத் தடவினார்.

"தேடத் தேவை இல்லாம போச்சு மச்சான். 'எங்கள் போட்டோகிராபர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றுவிட்டார்'னு செய்தி வந்துச்சு. அடுத்த வாரம் அங்கிருந்து அவரே எழுதின மாதிரி ஒரு பயணக் கட்டுரையும் வந்துச்சு. என் புத்தகத்துல நாலாவது அத்தியாயத்துல அவர் சாதனைகளைப் பாராட்டி ஒரு பாராவே இருக்கு."

"ரெண்டு ஆதாரத்தோட?"

"ரெண்டு ஆதாரத்தோட. ரெண்டையும் எழுதினது அந்தாளுதான்னு இப்பதான் உறைக்குது."

இன்ஸ்பெக்டர் தூசியைத் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

"நாற்பது வருஷமா ஊரே படிச்சிருக்கு. அந்தப் பேப்பர்ல எதைத்தான் அத்தான் நம்பறது?"

ஆதாரம் ஒரு நிமிஷம் தீவிரமாக யோசித்தார்.

"மேல போட்டிருக்கிற தேதியை நம்பலாம் மச்சான். அதை அச்சுக் கோக்கறவன் போட்டான்!"